வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவால் இன்றைக்கும் பயன் உண்டா? மாவட்டங்களில் அரசு வேறு என்ன செய்கிறது?

பதிவு செய்யுங்கள். ஆனால் வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தவன்.

2003இல் பிளஸ் டூ முடித்த கையோடு அப்பா என்னை விருதுநகருக்கு அழைத்துப்போய்ப் பதிய வைத்தார். அந்த அட்டை பீரோவில் நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் மாதம் நெருங்கினால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. இத்தனைக்கும் எனக்கு வந்தது ஒரே ஓர் அழைப்புதான். போய்ப் பார்த்தால், வரிசையில் எனக்கு முன்னால் தலை நரைத்தவர்கள் நின்றார்கள். பதிவு மூப்பு, அதாவது முன்னால் பதிந்தவருக்கே முதலில் அழைப்பு என்றால் என்னவென்று அன்றுதான் புரிந்தது.

அழைப்பு வராததற்கு அலுவலகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் காலியிடத்தை அறிவிக்கத்தான் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. பதிந்தவரையே எடுக்க வேண்டும் என்று அதில் இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அலுவலகத்திடம் பதிந்தவர் பட்டியல் கேட்பதோடு நிற்காமல் விளம்பரமும் கொடுத்து மற்றவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது பெரும்பாலான அரசு வேலைகளுக்குத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். பதிவு செய்து காத்திருப்போர் 60 லட்சத்தைத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு.

பதிவால் நேரடியாகக் கிடைப்பது வேலையற்றோர் உதவித்தொகை. பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், மூன்று ஆண்டு வரை. 600 ரூபாயில் இன்றைக்கு என்ன வாங்க முடியும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

எனக்குப் பயன்பட்டது அதே அலுவலகத்தின் வேறொரு வாசல். பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமை தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்கும். என் முதல் வேலை அப்படி ஒரு முகாமில்தான் கிடைத்தது. சொன்ன சம்பளம் ஒன்று, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்ததுபோகக் கைக்கு வந்தது இன்னொன்று. எட்டு மாதத்தில் விட்டுவிட்டேன். ஆனால் அந்த அனுபவச் சான்றிதழ்தான் அடுத்த வேலையை வாங்கிக் கொடுத்தது. ஆகவே முகாமுக்குப் போகும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, நிறுவனத்தின் ஆளா ஒப்பந்தக்காரரின் ஆளா, இரவுப் பணி உண்டா. கேட்டால் முகம் சுளிக்கும் மேசையில் உட்கார வேண்டாம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதே அலுவலகத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தையும் விசாரியுங்கள். கட்டணம் கிடையாது.

பயிற்சிப் பக்கம்தான் சிக்கல். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.க்கள், அதாவது தொழிற்பயிற்சி நிலையங்கள், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறையின் கீழ் வருகின்றன. அங்கே படிப்பவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டமும் நடந்தது. கல்லூரி மாணவர்களுக்கு 2022 மார்ச் 1இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ என்ற திறன் பயிற்சித் திட்டம். அதை நடத்துவது திறன் மேம்பாட்டுக் கழகம். கிராமத்து இளைஞர்களுக்கான பயிற்சியோ ஊரக வளர்ச்சித் துறையிடம். தையல், செல்பேசி பழுது நீக்கம் போன்ற சுயதொழில் பயிற்சியை மாவட்டத்தின் முன்னோடி வங்கி (மாவட்டத்து வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் வங்கி) இலவசமாக நடத்துகிறது. வெளிநாடு போக 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

இவற்றையெல்லாம் மாவட்டத்தில் சேர்த்துப் பார்க்க ஆட்சியர் தலைமையில் ஒரு திறன் குழு இருக்கிறது. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. வேலை தேடி வருகிற பையனுக்கோ, எந்தக் கதவைத் தட்டினாலும் ‘அது எங்கள் துறை இல்லை தம்பி’ என்ற பதில். என் சித்தி மகள் வங்கியின் தையல் பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டது பக்கத்து வீட்டு மகளிர் குழு அக்கா சொல்லி. எந்த அலுவலகமும் சொல்லவில்லை. எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

புதுப்பிப்பை இப்போது இணையத்திலேயே செய்துவிடலாம். தவறவிட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகையும் அறிவிக்கிறது. நான் 2015இல் தவறவிட்டேன். அட்டை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அப்பாவிடம் இதுவரை சொல்லவில்லை.