நீளமான ஆங்கிலச் சொல்லை எப்படி அசை (சிலபிள்) பிரிப்பது? எந்த அசையை அழுத்திச் சொல்வது?

நான் ராயபுரம். ஹார்பர் பக்கம் ஏற்றுமதி பேப்பர் வேலை பார்க்கும் ஒரு சின்ன ஆபீஸில் இருக்கிறேன். சேர்ந்த புதிதில் வெளிநாட்டு பார்ட்டியிடம் போனில் 'சர்டிஃபிகேட்' என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் 'சாரி?' என்றார். நான் 'சர்'ரை அழுத்தினேன். அவர் காது 'டி'யைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. ச-டி-ஃபி-கட், அழுத்தம் இரண்டாவதில். கடைசியில் 'கேட்'டும் கிடையாதாம்!

அசை எண்ண நமக்கு ஒரு வசதி உண்டு. சொல்லைத் தமிழில் எழுதி, புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு எண்ணுங்கள். கன்டெய்னரைசேஷன்: க, டெ, ன, ரை, சே, ஷ. ஆறு அசை. ஆனால் எழுதும்போது நம் வாய்ப்பழக்கம் நுழையக் கூடாது. சொல்லின் தொடக்கத்திலோ முடிவிலோ மெய்யெழுத்து இரண்டு ஒட்டி நின்றால் நம் வாய்க்கு ஆகாது, முன்னாலோ நடுவிலோ ஓர் உயிரைச் சொருகிவிடுவோம். எங்கள் ஏரியாவில் ஸ்டேஷன் 'இஸ்டேஷன்'தான், ஃபில்ம் 'பிலிம்'தான். இரண்டிலும் ஓர் அசை கூடிவிடுகிறது.

அழுத்தம்தான் நமக்குப் பேஜார். தமிழில் படு, பாடு என்று குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். எந்த எழுத்தை ஓங்கிச் சொன்னாலும் சொல் மாறாது. அதனால் எல்லா அசையையும் சமமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் ஓர் அசை சத்தமாக, நீளமாக, கொஞ்சம் மேலே ஏறி வரும். மற்றவை பெரும்பாலும் தேய்ந்து மங்கலான 'அ' ஆகிவிடும். காசிமேட்டுப் பக்கம் கானா பாடுகிறவர் மேசையில் தட்டுவதைக் கேட்டிருக்கிறீர்களா? ஒரு தட்டு ஓங்கி விழும், மற்றது விரல் நுனியில் ஓடும். அப்படித்தான்.

எதை ஓங்குவது? சொல்லின் வாலைப் பாருங்கள். 'ஷன்' என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசை. கன்டெய்னரில் 'டெய்'யில் இருந்த அழுத்தம், கன்டெய்னரைசேஷனில் 'சே'க்கு ஓடிவிடும்; 'டெய்'க்குச் சின்னதாக ஒரு தட்டு மட்டும் மிச்சம். சர்டிஃபிகேஷனில் 'கே'. 'இக்' என்று முடிந்தாலும் பெரும்பாலும் முந்தைய அசைதான். 'இட்டி' என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது: ரெஸ்பான்சிபிலிட்டியில் 'பி'.

எல்லாச் சொல்லும் வாலைக் காட்டாது. சரக்கு நாள் கடந்து கிடந்தால் கட்டும் டெமரேஜில் அழுத்தம் 'ம'வில். எங்கள் ஆபீஸில் எல்லாரும் 'டெ'யில்தான் அழுத்துகிறோம், நானும்தான். பில் ஒன்றும் குறையவில்லை.