சேலை வாங்கியது பாவமா அக்கா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 36 வயது, சென்னையில் வேலை. ஞானஸ்நானம் எடுத்து 20 வருஷம் ஆகிறது. சமைக்கும்போது இளையராஜா பாட்டு கேட்பேன், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடும்பமாகப் பிரியாணி சாப்பிடப் போவோம். போன மாதம் 18,500 ரூபாய்க்கு ஒரு பட்டுச் சேலை வாங்கினேன். ஜெபக்குழுவில் ஒரு சகோதரியிடம் போனில் படம் காட்டினால், "பிரபஞ்சத்துக்கு ஒத்த வேஷம்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எதைச் செய்தாலும் மனசு குத்துகிறது. சேலையை இன்னும் கட்டவில்லை. விலையை வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, கார்டில் இஎம்ஐ போய்க்கொண்டிருக்கிறது. விசுவாசி இதையெல்லாம் அனுபவிக்கலாமா? – பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அனுபவிக்கலாம் தங்கச்சி. இஎம்ஐ விஷயம் மட்டும் வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியாராக இருந்தவர். வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உபவாசம் இருப்பார். சனிக்கிழமை அம்மா நெய்மீன் குழம்பு வைத்தால் தலைத் துண்டு அவருக்குத்தான், அதை அவசரமே இல்லாமல் உறிஞ்சி, முள்ளை இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அப்பா நடுவிலும் பண்ணுவார். வாய் நிறையச் சோறு இருக்கும்போதே கண்ணை மூடி "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார், நாங்கள் சிரிப்போம். "ருசி தெரியுறப்பதானல நன்றி சொல்லணும், அதுக்கு முன்னாடி என்னத்தக் கண்டோம்?" என்று என் தம்பியிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை உபவாசமும் சனிக்கிழமை மீன் தலையும் அவருக்கு ஒரே பக்திதான்.

உங்கள் சகோதரி சொன்னது, உலகத்தைப் போல நடக்காதே என்று வேதாகமத்தில் ரோமர் 12-ல் இருக்கிற வசனம். அதைச் சேலைக் கடைக்கு மட்டும் கொண்டுபோவதுதான் எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைச் சாதி கேட்பதும், வரதட்சணை பேசிவிட்டு அதே வாயால் ஸ்தோத்திரம் சொல்வதும் பிரபஞ்சத்துக்கு ஒத்த வேஷம் இல்லையா? அதற்கு எந்த ஜெபக்குழுவிலும் யாரும் கையைத் தூக்குவதில்லை. சரி, அதை விடுங்கள். நகை போடாமல் வெள்ளைச் சேலை மட்டும் கட்டுகிற சபையாரை நான் கிண்டல் பண்ணவில்லை, அவர்களில் பலரைப் பார்த்து நான் வெட்கப்பட்டதுண்டு. தானாக விரும்பி ஒன்றை விட்டுவிடுவது அழகு. அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பதுதான் வேறு. விவாகம் பண்ணாதே, இன்னின்னதைச் சாப்பிடாதே என்று கட்டளை போடுகிறவர்களைப் பற்றி அப்போஸ்தலன் பவுல் முதலாம் தீமோத்தேயு நிருபம் 4-ல் எழுதியிருப்பதை எடுத்துப் படியுங்கள், அந்த உபதேசம் பிசாசுகளிடமிருந்து வருகிறது என்கிற அளவுக்குப் போகிறார் மனுஷன். அதே நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில், பணக்காரர்கள் பணத்தை நம்ப வேண்டாம் என்று எச்சரித்த அதே மூச்சில், தேவன் எல்லாவற்றையும் "நாம் அநுபவிக்கிறதற்கு" கொடுக்கிறார் என்கிறார். அடுத்த வரியிலேயே பகிர்ந்து கொடுக்கச் சொல்கிறார். இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும், ஒன்றை உருவிக்கொண்டு ஓடக் கூடாது.

இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கலியாணத்தையும் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் 6 கற்சாடிகள், இன்றைய கணக்கில் 450 லிட்டருக்குக் குறையாது. விருந்தாளிகள் ஏற்கெனவே குடித்து முடித்த வீடு அது, இருந்தும் முதலில் ஊற்றியதைவிட நல்ல ரசம்! (அப்படியானால் குடிக்கலாமா அக்கா என்று உடனே நாலு கடிதம் வரும், தெரியும். வேறொரு இதழில் பேசுவோம்.) இயேசுவைப் போஜனப்பிரியன் என்று ஊர் ஏசியது சும்மா இல்லை. ஈஸ்டருக்கு முன்னால் உபவாசம் இருக்கிற லெந்து காலத்தைக்கூடப் பாருங்கள், சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள் வரும், 40 என்று ஏன் சொல்கிறோம்? நடுவில் வரும் 6 ஞாயிறு கணக்கில் கிடையாது, உயிர்த்தெழுந்த நாளில் துக்கம் எதற்கு என்பதால். உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணிக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டுமா?

பாட்டுக்கு வருகிறேன். தஞ்சாவூரில் இருந்த கிறிஸ்தவக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சியை எடுத்துத்தான் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறத்தி வந்து குறி சொல்லுகிற கூத்து அது, கோயிலிலும் அரண்மனையிலும் ஆடியது. அன்றைக்கும் யாராவது ஒரு சகோதரி மூக்கைச் சுளித்திருப்பார். சாஸ்திரியார் கீர்த்தனைகளை நாம் இன்றைக்கும் ராகம் போட்டுப் பாடிக்கொண்டுதானே இருக்கிறோம்? அதற்காக எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று சொல்ல வரவில்லை. கேட்டு முடித்ததும் மனசு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், என்னைக் கேட்க வேண்டாம். அப்புறம் பாட்டு இல்லாமல் ஒரு வாரம் சமைத்துப் பாருங்கள். முடிந்தால் கவலையில்லை. கை தானாகப் போனைத் தேடி எரிச்சல் வந்தால் அது கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்று பவுல் சொன்ன இடம் அதுதான்.

இப்போது இஎம்ஐ. மனசு குத்துகிறது என்றீர்களே, அது பட்டுக்காகக் குத்தவில்லை, மறைத்ததற்காகக் குத்துகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. சகோதரி பட்டைப் பற்றிப் பேசியதும் குற்ற உணர்ச்சி முழுவதும் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. 18,500 உங்கள் வீட்டுக்குப் பெரிய தொகையா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை, அது உங்கள் இருவருக்கும் தெரிந்த கணக்கு. இன்றைக்கு ராத்திரியே பில்லை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். கோபப்படுவார், படட்டும். பிள்ளைகளுடைய பள்ளிக்கூடக் கட்டணம் தள்ளிப்போகிறது என்றால், இந்தக் கடன் அடைகிற வரை வேறு புதுத்துணி வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள்.

அது முடிந்ததும் வருகிற ஞாயிறு அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போங்கள். இன்னொன்று, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விலை இருக்கிறது, கடன் இருக்கிறது, சகோதரி சொன்னது இருக்கிறது. சேலை என்ன நிறம் என்று மட்டும் எங்கேயும் இல்லை. கட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், கரையில் என்ன வேலைப்பாடு என்பதையும் சேர்த்து.