பூச்சி மருந்து மூன்று முறை பருக்கியும் தாடை வீங்குவது ஏன்?

கேள்வி: எங்களிடம் ஜமுனாபாரிக் கலப்பு ஆடுகள் 11 உள்ளன. ஐப்பசி முதல் மாதம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் அல்பெண்டசோல் பருக்கினேன். ஆயினும் தை பிறந்ததும் இரண்டு மறிகளுக்குத் தாடை வீங்கியது. ஒன்று குட்டி ஈன்ற மூன்றாம் வாரத்தில் இறந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி குறைவு என்று மருந்துக்கடையில் ஒரு டொனிக் தந்தார்கள். அதைக் கூட்டுவதற்கு ஊசி ஏதும் உண்டா? (தென்மராட்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அன்பின் சகோதரிக்கு, டொனிக் போத்தல் திறக்கப்படாமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணத்துக்கு எள்ளுப் பிண்ணாக்கு வாங்கலாம்; எதிர்ப்புச் சக்தி என்று நீங்கள் கேட்பது அதற்குள்தான் இருக்கிறது.

நீங்கள் கூறும் அறிகுறிகள் நான்காம் இரைப்பையில் குருதி குடிக்கும் ஹீமொன்கஸ் புழுவையே சுட்டுகின்றன. இறந்த ஆட்டின் இரைப்பையை அறுத்துப் பார்த்திருந்தால், வெள்ளை நூலில் சிவப்பு நூலை முறுக்கியது போன்ற, ஏறத்தாழ ஓர் அங்குலம் வரையான புழுக்கள் நெளிவதைக் கண்டிருப்பீர்கள். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர் குருதியை வீணாக்கும். ஆயிரம் புழுக்கள் இருந்தால் தினமும் பத்துத் தேக்கரண்டி போய்விடும். குருதியோடு புரதமும் போவதால்தான் தாடையில் நீர் கோக்கிறது.

பற்றீரியாவை வெண்குழியம் விழுங்கிவிடும். புழுவை விழுங்க எந்தக் கலத்தாலும் முடியாது. ஆகவே உடல் வேறு வழியில் போரிடுகிறது: குடலில் சளியைப் பெருக்கி, இயோசினோபில் என்னும் வெண்குழியங்களைத் திரட்டி, பிறபொருளெதிரிகளை உண்டாக்கி, புதிதாக வரும் குடம்பிகள் (இளம் புழுக்கள்) நிலைகொள்ளாதபடியும் தங்கிவிட்ட பெண் புழுக்கள் முட்டை குறைத்து இடும்படியும் செய்கிறது. இவை யாவும் புரதத்தால் ஆனவை. சில மாதக் குட்டிக்கு இந்தப் பயிற்சி இன்னும் வராது. ஈனுவதற்குச் சற்று முன்னிருந்து ஈன்ற பின் பல வாரங்கள் வரை மறிக்கு இந்த எதிர்ப்புத் தளர்ந்துவிடும், ஏனெனில் உள்ள புரதம் மடிக்குத்தான் முதலில் போகிறது. உங்கள் மறி இறந்த காலமும் அதுவே.

ஊசி உண்டு. புழுவின் குடற் புரதத்தைக் கொண்டு செய்த தடுப்பூசி ஒன்று 2014இல் அவுஸ்திரேலியாவில் செம்மறிகளுக்கு விற்பனைக்கு வந்தது. அதுவும் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போடவேண்டியது. உங்களுக்குத் தரப்பட்ட டொனிக்குக்கும் அதற்கும் உறவேதுமில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: மூன்று முறை பருக்கியும் புழு ஏன் சாகவில்லை? ஆட்டின் உடல் அல்பெண்டசோலைச் செம்மறியின் உடலை விட விரைவாகக் கழித்துவிடுவதால், செம்மறி அளவு ஆட்டுக்குப் போதாது; கண்மதிப்பில் நிறை பார்த்து ஊற்றினால் இன்னும் குறையும். குறைந்த மருந்தில் தப்பிய புழுவே அடுத்த தலைமுறையை ஈனுகிறது. நானும் ஆரம்ப காலத்தில் நாட்குறித்து மந்தை முழுவதற்கும் பருக்கச் சொன்னவன்தான், அது பிழை. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். செவ்விரத்தம்பூப் போலச் சிவந்திருந்தால் மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் மட்டும் கொடுங்கள். மருந்து காணாத ஆடுகளில் மிஞ்சும் புழுக்கள் மருந்துக்கு மடியக்கூடியவை, அவை தரவையில் (மேய்ச்சல் வெளியில்) மருந்துக்குத் தப்பிய புழுக்களோடு கலந்திருப்பது நமக்கு நன்மையே. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மலப் பரிசோதனை செய்து கால்நடை வைத்தியர் சொல்லட்டும். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது.

குழையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடியாது. மாரியில் தரவையின் ஈரப் புல்லில் குடம்பிகள் ஏறி நிற்கும். அவை பெரும்பாலும் நாலைந்து விரற்கடை உயரத்துக்குள்தான். ஆடோ இயல்பில் தலை நிமிர்ந்து தின்னும் பிராணி. நிலத்தில் மேய வைத்தது நாம். பனி காயும்வரை அவிழ்க்காதீர்கள். கொக்கத்தடியால் பூவரசு, முள்முருக்கு, கிளிசிரிடியாக் குழைகளை வெட்டி, ஆட்டின் முகத்துக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். கிளிசிரிடியா இலையில், உலர் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் புரதம். இந்தக் குழை தந்த வேலியைப் பிரித்து மதில் கட்டியவர்கள்தான் இன்று டொனிக் வாங்குகிறார்கள்.

ஈன்ற மறிக்கு மேலதிகமாக ஒரு பிடி பிண்ணாக்கு, இரண்டு மாதங்களுக்கு. மற்ற மறியின் தாடை வீக்கத்தைக் குத்தி நீர் எடுக்க வேண்டாம். அது கட்டி அன்று, உள்ளே புழு அழிந்து குருதி ஊறினால் தானாக வற்றிவிடும்.