ராணுவத்திலிருந்து வந்த கணவர் இரவில் அலறி எழுகிறார்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இப்போது ஒரு வங்கியில் கன்மேன் வேலை. காஷ்மீரில் இருந்தபோது, இவர் போக வேண்டிய ரோடு ஓப்பனிங் டியூட்டிக்கு மாற்றாகப் போன நண்பர் கண்ணிவெடியில் இறந்துவிட்டார். சர்வீஸில் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தார். இரண்டு வருடமாக இரவில் அலறி எழுகிறார். ரோட்டோரம் பிளாஸ்டிக் கவர் கிடந்தால் பைக்கை நிறுத்திவிடுகிறார். ஒருநாள் தோளைத் தொட்டு எழுப்பினேன். என் கழுத்தைப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து வெட்கப்பட்டு மொட்டைமாடியில் தனியாகப் படுக்கிறார். தினமும் கேன்டீன் ரம் அரை பாட்டில் போகிறது. டாக்டரிடம் போகலாம் என்றால், "நான் என்ன பைத்தியமா?" என்கிறார். பாட்டில்களை எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: பாட்டில்களை ஒளிக்க வேண்டாம். தினமும் அரை பாட்டில் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாளில் உடம்பெல்லாம் நடுங்கி, எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாமல் பிதற்றும் நிலைக்கும் போகலாம். அது உயிருக்கே ஆபத்து. குடியை நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில், தயமின் என்ற பி1 வைட்டமினும் மற்ற மருந்துகளும் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பிடிஎஸ்டி எனப்படும் பேரதிர்ச்சி பாதிப்பு போலத் தெரிகிறது. நேரில் பார்க்கும் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இல் நோய்ப் பட்டியலில் இந்தப் பெயரைச் சேர்த்தார்கள். பைத்தியம் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

ரோடு ஓப்பனிங் பார்ட்டியின் வேலை என்ன? கான்வாய், அதாவது ராணுவ வண்டிகளின் வரிசை, கிளம்புவதற்கு முன் சாலையோரமாக நடந்து, புதிதாகக் கிளறிய மண், ஒயர், கேட்பாரற்றுக் கிடக்கும் பை என்று எதையும் விடாமல் பார்ப்பது. ஒன்றைத் தவறவிட்டால் பின்னால் வரும் வண்டி வெடியில் சிக்கிவிடும். அந்த வேலையில் பழகிய மூளைதான் காட்பாடி ரோட்டில் கிடக்கும் கவரைக் கண்டதும் பிரேக் போடச் சொல்கிறது. "குப்பைக்கெல்லாம் பயப்படுறீங்களே" என்று பிள்ளைகள் கிண்டல் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸில் நன்றாக இருந்தாரே என்கிறீர்கள். அதுவும் வழக்கம்தான். காலையில் பி.டி., மாலையில் ரோல் கால், பக்கத்துக் கட்டிலில் அதே அனுபவமுள்ள கூட்டாளி என்று இருந்தவரை உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. ஓய்வு பெற்றதும் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. 1987இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போய் வந்தவர்கள், அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக வாய் திறப்பதைக் கேட்டிருக்கிறேன். எதிரில் சுட்டவரும் தமிழில்தான் கத்தினார் என்பதை வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

உங்கள் கணவருக்குள் இருக்கும் முடிச்சு, தனக்குப் பதிலாகப் போன அந்த நண்பர். "உங்க மேல தப்பில்லை" என்று ஆறுதல் சொல்லத் தோன்றும். சொல்லலாம், ஆனால் இப்போதைக்கு அது காதில் ஏறாது. அந்த நண்பர் எந்த ஊர், என்ன விரும்பிச் சாப்பிடுவார், இருவரும் லீவில் சேர்ந்து வந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், கெட்ட கனவில் இருப்பவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று லைட்டைப் போடுங்கள். வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிட்டு, "நான்தான், நம்ம வீட்லதான் இருக்கீங்க" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். கழுத்தைப் பிடித்தபோது அது நீங்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் மறுபடி நடக்காது என்று என்னால் சொல்ல முடியாது. கொஞ்சம் குணமாகும்வரை தனிப்படுக்கை இருக்கட்டும். மொட்டைமாடி மட்டும் வேண்டாம். போதையில் அலறி எழுபவருக்கு அது இடமில்லை, கீழே ஹாலில் படுக்கச் சொல்லுங்கள்.

ரம் குடித்தால் தூக்கம் வருவது உண்மைதான். கனவு வரும் தூக்கத்தை முன்னிரவில் அது அமுக்கி வைக்கிறது. போதை இறங்கும் பின்னிரவில் அதெல்லாம் சேர்ந்து கிளம்புகிறது. மருந்து என்று நினைத்துக் குடிப்பதே கனவுக்குத் தீனியாகிறது.

கன்மேன் என்று எழுதியவர், துப்பாக்கி இரவில் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். குடி, தூக்கமின்மை, குற்ற உணர்ச்சி மூன்றும் இருக்கும் வீட்டில் துப்பாக்கி இருக்கவே கூடாது. தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார்களே, அதுபோல இப்போதும் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் சொன்னால் கோபம் வரும். பழைய யூனிட் கூட்டாளி ஒருவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "நான் போயிட்டா உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு வந்தாலோ, பாஸ்புக்கையும் எல்ஐசி பேப்பரையும் எடுத்துக் கையில் கொடுத்தாலோ, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம், நீங்களும் பேசலாம்.

சரி, வர மறுப்பவரை எப்படிக் கூட்டிப் போவது? மனநலம் என்று ஆரம்பிக்காதீர்கள். "தூக்கமே இல்லையே, பிபியும் பார்த்துட்டு வரலாம்" என்று முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குக் கூப்பிடுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அங்குள்ள மெடிக்கல் ஆபீசர் மனநல மருத்துவருக்கு எழுதித் தருவார். கார்டு இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை எடுத்தால் பென்ஷன் நின்றுவிடும் என்று பயந்தால், சர்வீஸ் பென்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுங்கள்.

பயிற்சி பெற்ற உளவியலாளரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து, அன்று நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிப் பார்ப்பதுதான் முக்கியச் சிகிச்சை. பெரும்பாலும் 8 முதல் 16 வாரம் ஆகும். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை தருவார்கள். அதன் பலன் தெரிய நாலைந்து வாரமாவது பிடிக்கும், பத்தே நாளில் நிறுத்திவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். ரம்மோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

போகும் முன் ஒரு வாரத்துக்கு, எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது அலறினார், எவ்வளவு குடித்தார் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். டாக்டரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். கழுத்தைப் பிடித்ததை அவர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.