மரத்தில் தொங்குவது அடுப்புக்குப் போகலாமா?

கேள்வி: என் அண்ணி சமையலில் மிகுந்த ஈடுபாடு உடையவர். கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஒரு பரிசும், மரத்தில் தொங்கவிட ஓர் அலங்காரப் பொருளும் தர விரும்புகிறேன். கடைக்காரர் 15 உருப்படிகள் அடங்கிய கத்தித் தொகுப்பையும், செம்பு நிறத்தில் மின்னும் குட்டிச் சட்டி, கரண்டி அலங்காரங்களையும் காட்டினார். பண்டிகை முடிந்த பிறகு அந்தக் கரண்டிகளைச் சமையலுக்கும் பயன்படுத்தலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கத்தித் தொகுப்பு வேண்டாம். குட்டிக் கரண்டிகளைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடைக்காரர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறந்துவிடுங்கள்.

அலங்காரப் பொருளின் மினுமினுப்பு பெரும்பாலும் உலோகத்தினுடையது அன்று. மேலே பூசிய வார்னிஷுடையது. சூடும் புளிப்பும் எண்ணெயும் பட்டால் அந்தப் பூச்சு உரியும். மலிவான பூச்சிலும் பற்றவைப்பிலும் ஈயம் இருக்கவும் வாய்ப்புண்டு. உணவில் படும் பாத்திரத்துக்குச் சோதனை வேண்டும் என்று சட்டம் எழுதிவைத்தவர்கள், அதே வடிவில், அதே அளவில் ஒரு கரண்டியைச் செய்து கழுத்தில் நாடா கட்டி 'அலங்காரப் பொருள்' என்று அட்டையில் அச்சிட்டுவிட்டால் அந்தச் சோதனையை யாரும் கேட்பதில்லை என்பதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வாங்குகிறவர் அட்டையைப் பார்ப்பதில்லை, கரண்டியைத்தான் பார்க்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுக்கு உகந்த பொருள்களில் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சிறு சின்னம் இருக்கும். அத்தகைய சின்னமோ, உணவுக்கு உகந்தது என்ற தெளிவான வாசகமோ இல்லையென்றால் அது மரத்தோடு நிற்கட்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களுக்கு உண்மையில் பொருத்தமான பரிசு அதுவாக இருக்கலாம். பிஸ்கட் மாவை நட்சத்திரமாகவும் மணியாகவும் வெட்டும் உலோக அச்சுகளை நாடா கோத்து மரத்தில் தொங்கவிடலாம், கழற்றி மாவையும் வெட்டலாம். மாவில் அது சில நொடிகள்தான் படுகிறது, அடுப்பின் சூட்டுக்குப் போவதில்லை. ஆனால் சமையல் பாத்திரமாக விற்கப்படும் அச்சாக இருக்க வேண்டும். அலங்காரப் பிரிவில் வைத்திருக்கும் அதே வடிவ அச்சு அன்று. பூச்சில்லாத துருப்பிடிக்காத எஃகு சிறந்தது. தகர அச்சானால் கழுவிய உடனே துடைத்து உலர்த்தாவிட்டால் மூலைகளில் துரு ஏறும். செம்பு அச்சு அழகுதான். ஆயினும் செம்பு இயல்பாக மங்கும் உலோகம், ஆண்டுக்கணக்கில் மங்காமல் பளபளக்கிறது என்றால் மேலே வார்னிஷ் இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஓரங்களில் ஒன்று மழுங்கலாகவும் மற்றது கூராகவும் இருக்கிறதா என்று விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். இரண்டும் மழுங்கல் என்றால் அது வெட்டுவதற்காகச் செய்தது அன்று.

இனிக் கத்திக்கு வருவோம். அந்த 15 உருப்படிகளை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அவற்றில் ஆறு, சாப்பாட்டு மேசையில் இறைச்சி வெட்டும் ஒரே மாதிரிக் கத்திகள். ஒன்று கத்தரிக்கோல், ஒன்று தீட்டும் கம்பி, கத்திகளைச் செருகும் மரக்கட்டையும் ஓர் உருப்படி. நாள்தோறும் சமைப்பவர் கையில் எடுப்பது 20 செ.மீ. அளவிலான ஒரு கத்தியையும் ஒரு சிறு கத்தியையும்தான். பெட்டியின் மேல் 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று எழுதியிருந்தால் அது ஒரு தரத்தின் பெயரன்று, விற்பனைச் சொல். 'டமாஸ்கஸ்' என்று சொல்லி அலையலையான கோலம் போட்ட கத்தியைக் காட்டினால், கத்தியின் முதுகைப் பாருங்கள்: அடுக்கடுக்காக அடித்துச் சேர்த்த எஃகில் கோடுகள் முதுகிலும் ஓடும், லேசரால் பொறித்த கோலம் பக்கங்களிலேயே நின்றுவிடும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, விற்பவர்களுக்கு அலுக்கவில்லை.

கைப்பிடி அவரவர் கைக்கு ஏற்றாற்போல் அமைய வேண்டும் என்பதால், அண்ணி பிடித்துப் பார்க்காத கத்தியை வாங்குவதைவிட, அவரிடம் இருக்கும் கத்திக்கு சொரசொரப்பைக் குறிக்கும் எண் 1,000 ஆக உள்ள சாணைக்கல் வாங்குவது மேல். ஒரு கிராம் வரை காட்டும் தராசு, சில நொடிகளில் வெப்பம் சொல்லும் வெப்பமானி ஆகியவையும் நல்ல பரிசுகள். பாத்திரம்தான் தருவீர்கள் என்றால் அவர் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பா என்று கேட்டுக்கொண்டு, கடைக்கு ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அந்த அடுப்பில் சூடாகாது.

பரிசுக் கூடைகளின் பக்கம் போக வேண்டாம். கூடை கட்டித் தரும் இடைத்தரகர் தேங்கிய சரக்கை வாங்கி, பாதிக் கூடையைக் காகிதச் சுருளால் நிரப்பி, மேலே பளபளக்கும் தாளைச் சுற்றிவிடுகிறார். பொடித்த மசாலாக்கள் சில மாதங்களிலேயே மணம் இழப்பவை. அவற்றின் தேதியோ தாளுக்குள் இருக்கிறது, பிரித்துப் பார்க்க அனுமதியில்லை.

கடைக்காரர் மறுபடியும் அந்தத் தொகுப்பை நீட்டினால், அதிலுள்ள பெரிய கத்தியை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேளுங்கள். தனியாக விற்பதில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு பிஸ்கட் அச்சுகள் இருக்கும் பக்கம் நடந்துவிடுங்கள்.