மகள் ஃபியூச்சர்ஸ் டிரேடர் ஆகப் போகிறாளாம்: கவலைப்படும் ஒரு தந்தைக்கு

பட்டப்படிப்பு முடித்த மகள் வேலைக்கு விண்ணப்பிக்காமல் இண்டெக்ஸ் ஃபியூச்சர்ஸ் டிரேடிங்தான் செய்வேன் என்கிறாள், இது சூதாட்டம்தானே, எடுத்துச் சொல்லித் தடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தடுப்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில், அவள் கையில் எடுக்கப்போவது என்ன என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். பல பங்குகளின் விலையைச் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுவது குறியீடு, அதாவது இண்டெக்ஸ். அதைப் பின்னால் ஒரு தேதியில் இன்ன விலைக்கு என்று இன்றே பேசி வைப்பது ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம்.

சூதாட்டம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. பங்குக் குறியீட்டின் மேல் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் முதன்முதலில் வந்தது 1982 பிப்ரவரியில், அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி சந்தையில். அதே ஆண்டு ஏப்ரலில் சிகாகோவில், பெரிய அமெரிக்க நிறுவனங்களின் குறியீடான எஸ் அண்ட் பி 500 மேல் ஒப்பந்தம் வந்தது. ஏராளமான பங்குகளை வைத்திருக்கும் ஒரு ஓய்வூதிய நிதி, சந்தை சரியும் என்று பயந்தால் எல்லாவற்றையும் விற்றுத் தீர்க்க வேண்டியதில்லை. குறியீட்டு ஃபியூச்சர்ஸை விற்று வைத்தால் போதும். பங்குகளில் வரும் நஷ்டத்தை இங்கே வரும் லாபம் பெருமளவு ஈடுகட்டும். இதுதான் ஹெட்ஜிங். அந்த ரிஸ்க்கை எதிர்ப்பக்கம் வாங்கிக்கொள்ளவும் ஆள் வேண்டுமல்லவா? உங்கள் மகள் போய் நிற்க நினைப்பது அந்த இடத்தில்.

புதிதாக வருபவர்கள் சறுக்குவது மார்ஜினில். எஸ் அண்ட் பி 500இன் இ-மினி என்ற சிறிய அளவு ஒப்பந்தத்தில் குறியீட்டின் ஒரு புள்ளிக்கு 50 டாலர். குறியீடு 6000 என்று வைத்துக்கொண்டால் ஒரு ஒப்பந்தத்தின் மதிப்பு 3,00,000 டாலர். இதற்கு மார்ஜினாக, உதாரணத்துக்கு, 20,000 டாலர் கட்டச் சொல்கிறார்கள் என்போம். பலர் அந்த 20,000தான் தன் முதலீடு என்று நினைத்துவிடுகிறார்கள். அது விலையும் அல்ல, முன்பணமும் அல்ல. நஷ்டம் வந்தால் கொடுப்பாய் என்பதற்கான பிணைத்தொகை. தோளில் இருப்பது மூன்று லட்சத்தின் சுமை. சந்தை ஒரு சதவீதம் இறங்கினால் 60 புள்ளி, அதாவது 3,000 டாலர் போச்சு. கட்டிய பணத்தில் அது 15 சதவீதம். சரிவு பெரிதானால் கட்டியதற்கு மேலும் கொடுக்க வேண்டிவரும்.

இன்னொன்று, காத்திருக்க விடமாட்டார்கள். சொந்தப் பணத்தில் பங்கு வாங்கியவர் விலை இறங்கினால் அப்படியே போட்டு வைக்கலாம். ஃபியூச்சர்ஸில் ஒவ்வொரு நாளும் கணக்குத் தீர்த்து, அன்றைய நஷ்டத்தை அன்றே எடுத்துவிடுவார்கள். இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மார்ஜின் கால், அதாவது மேலும் பணம் போடச் சொல்லும் அழைப்பு, வரும். பணம் போடாவிட்டால் தரகரே பொசிஷனை, அதாவது கையிலிருக்கும் ஒப்பந்தத்தை, முடித்துவிடுவார். கணிப்பு சரியாக இருந்தும், அது பலிப்பதற்கு முன்பே பணம் தீர்ந்து வெளியேறுவது இந்தத் தொழிலில் சாதாரணம். குறித்த விலையைத் தொட்டதும் தானாக வெளியேறும் ஸ்டாப் லாஸ் இருக்கிறதே என்பாள். சந்தை ஒரே தாவலில் அந்த விலையைத் தாண்டிப் போனால் கிடைக்கிற விலைக்குத்தான் முடியும்.

சரி, அவளிடம் என்ன பேசுவது? திட்டாமல் கேளுங்கள். ஒரு ஒப்பந்தத்தின் முழு மதிப்பு எவ்வளவு? குறியீடு மூன்று சதவீதம் எதிராகப் போனால் எவ்வளவு போகும்? ஃபியூச்சர்ஸ் விலை குறியீட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது ஏன்? (வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியக் காரணம், ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பயரி அன்று இரண்டும் ஒன்றாகிவிடும்.) தாளில் கணக்குப் போட்டுக் காட்டினால், பெண் உண்மையிலேயே படித்திருக்கிறாள். சார்ட்டை மட்டும் காட்டினால் இன்னும் நாள் இருக்கிறது.

1762இல் தொடங்கிய பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி 1995இல் மூழ்கிய கதையை அவளும் கேட்டிருப்பாள். சிங்கப்பூரில் இருந்த நிக் லீசன் என்ற 28 வயது டிரேடர், பெரும்பாலும் ஜப்பானின் நிக்கேய் 225 குறியீட்டு ஃபியூச்சர்ஸில், 82.7 கோடி பவுண்டு நஷ்டம் சேர்த்துவிட்டார். அந்த ஜனவரியில் வந்த கோபே நிலநடுக்கம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஆனால் விஷயம் நிலநடுக்கத்தில் இல்லை. டிரேடிங் செய்பவரும் அவரே, கணக்கைச் சரிபார்க்கும் பின்னலுவலகத்தை நடத்தியவரும் அவரே. அதனால்தான் இரண்டாண்டுக்கு மேல் நஷ்டத்தை மறைக்க முடிந்தது.

இந்தத் துறையில் சம்பளத்தோடு நுழையும் வாசல் அந்தச் சரிபார்க்கும் பக்கத்தில் இருக்கிறது. ரிஸ்க் மேனேஜ்மென்ட், கிளியரிங், செட்டில்மென்ட் (வர்த்தகத்தைச் சரிபார்த்துக் கணக்கை முடிப்பது), கம்ப்ளையன்ஸ் (விதிமீறல் இல்லாமல் பார்ப்பது) எல்லாம் தனித்தனித் தொழில்கள். மார்ஜின் எப்படி நிர்ணயமாகிறது, யார் எப்போது வெளியேற்றப்படுகிறார்கள் என்பதை அங்கே தினமும் பார்க்கலாம். புள்ளியியலும் பைத்தானும் கற்றுக்கொண்டு எஃப்.ஆர்.எம். என்ற ரிஸ்க் மேலாண்மைத் தேர்வுக்குத் தயாராகட்டும். அந்த வேலைகளில் சொந்த டிரேடிங்குக்குப் பல நிறுவனங்கள் கட்டுப்பாடு வைக்கும். சேரும் முன் அதைக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

அதுவரை ஆசைக்கு என்ன செய்வது என்றால், சில மாதம் காகித டிரேடிங், அதாவது பணம் போடாமல் கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்பது. அப்புறம் இ-மினியில் பத்தில் ஒரு பங்கான மைக்ரோ ஒப்பந்தம், ஒரே ஒன்று. அதில் ஒரு புள்ளிக்கு 5 டாலர்தான். பணம் அவள் சம்பாதித்ததாக இருக்கட்டும். நீங்கள் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள், அவள் எவ்வளவு கெஞ்சினாலும்.