தர்மபுரி கடைவீதியில் வண்டி நிறுத்த எதற்குக் காசு? ரோடு பொதுதானே?

கேள்வி: தர்மபுரி மாதிரி ஊரில் கடைவீதியில் வண்டி நிறுத்தக் காசு வாங்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நம் வரிப்பணத்தில் போட்ட ரோடுதானே? காசு கேட்டால் வியாபாரம் படுத்துவிடாதா?

பதில்:

சின்னசாமி தெருப் பக்கம் எங்களுக்குப் பாத்திரக்கடை. ஒரு வைகாசி முகூர்த்த சமயத்தில் பாலக்கோட்டில் இருந்து ஒரு அம்மா போன் செய்தார். மகளுக்குச் சீர் பாத்திரம் எடுக்க வேண்டுமாம். அண்டா, குத்துவிளக்கு, பித்தளைக் குடம் என்று பட்டியலே சொல்லிவிட்டார். "கார்லதாம்ப்பா வரோம், பதினோரு மணிக்கெல்லாம் வந்துடுவோம்" என்றார். பதினொன்றேகாலுக்கு அந்தக் கார் எங்கள் வாசலைத் தாண்டி ஊர்ந்து போனதை நானே பார்த்தேன். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தரம் போனது. அப்புறம் வரவே இல்லை. சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்டால், "எங்கப்பா நிறுத்தறது? அவருக்குக் கோபம் வந்துடுச்சு. பைபாஸ்ல இடம் இருக்கிற கடையிலயே எடுத்துட்டோம்" என்றார்.

அன்று எங்கள் வாசலில் நின்ற வண்டிகள் யாருடையவை என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். கடை முகப்பில் நெருக்கி நிறுத்தினால் ஏழு பைக் நிற்கும். ஒன்று என்னுடையது, ஒன்று அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல், ஒன்று எங்கள் கடைப் பையனுடையது. இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களுடையவை. ஆறாவது யாருடையது என்றே தெரியவில்லை. காலையில் நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனவர் ராத்திரிதான் வந்து எடுத்தார். ஆக, வாடிக்கையாளருக்கு மிஞ்சியது ஒரே ஒரு இடம். அந்த ஒன்றில் மட்டும் நாள் பூராவும் வண்டி மாறி மாறி நின்றது. மற்ற ஆறும் காலை ஒன்பது மணிக்கே கெட்டியாக உட்கார்ந்துவிட்டன.

வியாபாரம் படுத்துவிடும் என்கிறீர்கள். காசே வாங்காத நாளில் படுத்த வியாபாரம் இது.

ரோடு பொது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் ஒரு வண்டிதான் நிற்கும். அதற்கு விலை வைக்காவிட்டால் முதலில் வந்தவருக்கு இடம் என்பதுதான் சட்டம். கடைவீதியில் முதலில் வருகிறவர் யார்? ஷட்டரைத் தூக்குகிற நாங்கள்தான். பென்னாகரத்தில் இருந்து பத்தரை மணிக்கு வந்து, அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்ப நினைக்கிறவருக்கு இந்த 'இலவசம்' கிடைப்பதே இல்லை. அவர் சுற்றிச் சுற்றி வருகிற பெட்ரோலிலும் நேரத்திலும் விலையைக் கொடுத்துவிடுகிறார். என்ன, அந்த விலை யார் கைக்கும் போய்ச் சேர்வதில்லை. புகையாகப் போகிறது, பின்னால் வருகிற டவுன் பஸ்ஸும் நிற்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. உலகத்தின் முதல் பார்க்கிங் மீட்டரை, அதாவது காசு போட்டால் அதற்குத் தக்க நேரம் வண்டி நிறுத்த விடுகிற தெருவோரக் கருவியை, 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் வைத்தார்கள். மணிக்கு ஐந்து சென்ட். காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: கடைகளிலும் ஆபீஸ்களிலும் வேலை செய்கிறவர்கள் காலையிலேயே வந்து கார்களைத் தெருவில் நிறுத்திவிட, சாமான் வாங்க வருகிறவர்களுக்கு இடமே இல்லையாம். அந்த ஊர் வணிகர் சங்கத்தின் போக்குவரத்துக் குழுத் தலைவராக இருந்த கார்ல் மகீ என்பவர்தான் மீட்டர் யோசனையைக் கொண்டுவந்தார். வியாபாரத்தைக் காப்பாற்ற வியாபாரிகள் பக்கம் இருந்தே வந்த ஏற்பாடு அது. இதை அப்பாவிடம் சொன்னேன். "டேய், அது அமெரிக்கா. இங்க ரோட்டுக்கு வாடகை கேட்டா எவன்டா கடைக்கு வருவான்?" என்றார். தெருவில் இருக்கிற முக்கால்வாசிப் பேரின் பதிலும் அதுதான்.

சரி, வாடகைக் கணக்கையே பார்ப்போம். ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று வைத்தால் சுமார் 135 சதுர அடி. எங்கள் கடைக்குச் சதுர அடிக்கு மாதம் 40 ரூபாய் கொடுக்கிறோம். அதே விலையைத் தெருவுக்குப் போட்டால் மாதம் 5,400 ரூபாய், ஒரு நாளைக்கு 180. கடைவீதி பத்து மணி நேரம் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் மணிக்கு 18 ரூபாய். சென்னை மாநகராட்சி தெருவோரப் பார்க்கிங்குக்குக் காருக்கு மணிக்கு 20, டூவீலருக்கு 5 என்று வைத்தபோது எவ்வளவு கூச்சல்! என் கணக்குப்படி அது கொள்ளை இல்லை, கிட்டத்தட்ட தரை வாடகை. இன்னொன்று: ஒரு கார் நிற்கிற நீளத்தில் ஆறு பைக் நிற்கும். காருக்கு பைக்கைப் போல நான்கு மடங்கு வாங்கினாலும் கார்க்காரருக்குச் சலுகைதான்.

ஆனால் வாடகையை வைத்து விலை போடுவது சரியான முறை இல்லை என்பது என் கருத்து. வாடகைக் கணக்கு, இடம் எவ்வளவு மதிப்புள்ளது என்று மட்டும் காட்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் தெருவில் ஈ ஓட்டுகிறோம். அப்போது வண்டி நிறுத்த 18 ரூபாய் கேட்டால் வருகிற ஒருவரும் வரமாட்டார். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே 18 ரூபாய் வைத்தால் ஒரு இடமும் காலியாகாது. வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1954லேயே இதைச் சொல்லிவிட்டார்: தெருவோர இடத்துக்குத் தேவைக்கு ஏற்றபடி விலை ஏறி இறங்க வேண்டும். 1996ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னால் கலிபோர்னியாவில் டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் இதையே எளிமையாக்கினார். நூற்றுக்கு 85 இடம் நிரம்பி, 15 காலியாக இருக்கிற மாதிரி விலை வையுங்கள் என்றார். எங்கள் வாசலுக்கு அதை மாற்றிச் சொன்னால், ஏழு பைக் இடத்தில் எப்போதும் ஒன்று காலியாக இருக்க வேண்டும். அந்த ஒன்று இருந்தால் யாரும் தெருவைச் சுற்ற வேண்டியதில்லை. ஒரு ரூபாயிலேயே காலியாகிறதா, ஒரு ரூபாய் போதும். சும்மா விட்டாலே காலியாக இருக்கிறதா, காசே வேண்டாம்.

சான்பிரான்சிஸ்கோவில் 2011ல் சுமார் 7,000 பார்க்கிங் மீட்டர்களில் இதைச் செய்து பார்த்தார்கள். தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் வேறு வேறு விலை. சில வாரங்களுக்கு ஒருமுறை நிரம்பி வழிகிற இடத்தில் 25 சென்ட் ஏற்றினார்கள், காலியாகக் கிடக்கிற இடத்தில் இறக்கினார்கள். முடிவில் மீட்டர்களின் சராசரிக் கட்டணம் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் இதை நம்பாமல் இரண்டு தடவை படித்தேன். இரண்டு தெரு தள்ளி விலை குறைவு என்றால் ஒரு பகுதி ஆட்கள் அங்கே போய்விடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். எங்கள் தெரு நெரியும்போதுகூட, ஐந்து நிமிடம் நடந்தால் வண்டி நிறுத்த இடம் உள்ள சந்துகள் இருக்கின்றன.

இங்கே ஒரு குழி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் 'பார்க்கிங் கட்டணம்' என்றாலே ஏலம்தான் நினைவுக்கு வரும். ஏலம் எடுத்தவர் போட்ட முதலை எடுக்க வேண்டும். அதனால் ஒரு டோக்கனுக்கு ஒரே ரேட், காலையில் இருந்து ராத்திரி வரை நிற்கலாம். பத்து நிமிடம் நிறுத்துகிறவரும் அதே காசு, நாள் முழுக்க நிறுத்துகிறவரும் அதே காசு. வண்டி சீக்கிரம் மாற வேண்டும் என்ற எண்ணமே அதில் கிடையாது. ஒரு ஊர் ஸ்டாண்டில் போர்டில் இருந்த ரேட்டைக் காட்டி மீதிச் சில்லறை கேட்டதற்கு, "அது பழைய போர்டுண்ணா" என்றான் பையன். பெயிண்டு வாசனைகூடப் போகாத போர்டு அது! இந்த முறையைக் கடைவீதிக்குள் கொண்டுவந்தால் நானே மறியலுக்கு வருவேன். தெருவில் வேண்டியது நேரத்துக்கு ஏறுகிற விலை. முதல் அரை மணி இலவசம், அல்லது இரண்டு ரூபாய். அடுத்த மணிக்கு ஐந்து, அதற்கடுத்து பத்து. அண்டா வாங்க வருகிறவர் அரை மணியில் போய்விடுவார். நாள் முழுக்க நிறுத்துகிற என்னைப் போன்றவன் கணக்குப் போட்டுப் பார்த்து ஸ்டாண்டுக்கு ஓடுவேன். ஓட வேண்டியவனும் நான்தான்.

ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கேட்பார்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பஸ்ஸில் வருகிற பெண்கள். 2021ல் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சாக்கடை மூடி மேல் எல்லாம் பைக் ஏறி நிற்பதால், பையோடு நடுரோட்டில் நடந்து வருகிறார்கள். இலவசப் பார்க்கிங்கால் அவர்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. லாபம் எல்லாம் வண்டி வைத்திருக்கிற எனக்கும், என்னைவிடப் பெரிய வண்டி வைத்திருக்கிறவருக்கும்தான். பெரிய ஜவுளிக்கடையின் 'இலவச பார்க்கிங்'கூட இலவசம் இல்லை. இடத்தின் செலவு சேலை விலையில் ஏறியிருக்கிறது. பஸ்ஸில் வந்து சேலை எடுக்கிறவரும் அதைச் சேர்த்தே கொடுக்கிறார். சில கட்டடங்களில் பிளானில் பார்க்கிங் என்று காட்டிய அடித்தளம் குடோனாக மாறிவிடுகிறது. அது தனிக் கதை.

வியாபாரிகளைச் சம்மதிக்க வைக்க ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. கலிபோர்னியாவில் பாசடீனா என்ற ஊரின் பழைய கடைவீதியில் 1993ல் மீட்டர் வைத்தார்கள். கடைக்காரர்கள் முதலில் குதித்தார்கள். வருகிற பணத்தை அதே தெருவின் நடைபாதைக்கும், மரத்துக்கும், விளக்குக்கும் செலவு செய்கிறோம் என்று நகராட்சி சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார்கள். எங்கள் தெருவிலும் 'பார்க்கிங் காசில் சாக்கடை மூடி போடுவோம், ஒரு பொதுக் கழிப்பறை கட்டுவோம்' என்று சொல்லிக் கேளுங்கள். பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். பணம் பொதுக் கணக்கில் போய் விழும் என்றால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நானும்தான்.

பாலக்கோட்டு அம்மாவுக்குப் பிறகு, ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் நாமே ஆரம்பிப்போம் என்று என் பைக்கைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டாண்டில் போட ஆரம்பித்தேன். டோக்கன் வாங்கி, ஆறு நிமிடம் நடந்து கடைக்கு வந்தேன். முதல் இரண்டு நாள் என் இடத்தில் வாடிக்கையாளர் வண்டிகள் நின்றன, எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் ஒன்பதே முக்காலுக்கு நான் வரும்போது பக்கத்துக் கடையில் புதிதாகச் சேர்ந்த பையனின் பைக் அங்கே நின்றது. ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை அது நகரவில்லை.

அப்பா கல்லாவில் இருந்தபடியே அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டியாவது நின்னிருக்கலாம்" என்றார்.